இலை கொட்டாத மரம் கேட்கிறார்கள்

செம்மண்ணையும் மணலையும் எருவையும் கலந்து பையில் அடைத்துக்கொண்டே சொல்கிறேன். மரம் வளர்க்கிற வேலையில் மரத்தோடு பேச்சே கிடையாது, எல்லாம் மனுஷரோடுதான். என்னை மாதிரிக் கூச்சக்காரிக்கு அதுதான் பேஜார்.

தாம்பரம் பக்கம் ஏரியைப் பாதுகாக்கிற ஒரு குழுவில் நானும் கீர்த்தனாவும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவள் சுற்றுச்சூழலில் எம்.எஸ்ஸி. முடித்து முதல் வேலைக்கு வந்தவள். நான் எட்டாவதோடு நின்று, கைக்குழந்தையோடு வந்தவள். வீடு வீடாகப் போனால் அவள் பேசுவாள், நான் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். கதவு தட்டிப் பிழைக்கிறவர்களுக்கு இது புரியும். அவள் அப்பாவோ மழைக்காலம் முடிகிறவரைதான் கெடு கொடுத்திருந்தார். அப்புறம் பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் போயாக வேண்டும்.

என்ன மரம் வேணும்?

புங்கன், பூவரசு, நீர்மருது என்று படம் காட்டினாள். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் நிழல் வேணும், பூச்சி கூடாது, வேர் சுவரைத் தொடக் கூடாது என்றார். எல்லாத்துக்கும் தலையாட்டினாள். கேட்டைச் சாத்தும்போது சொன்னார்: "முக்கியமா, இலை கொட்டக் கூடாதும்மா."

அடுத்த வீட்டம்மா உடனே சம்மதித்தார்: "தாராளமா நடுங்க. எதிர் வூட்டு வாசல்ல நட்டா நிழல் இங்கதான் விழும்."

பெண் பார்க்க வந்தவர்கள்

மத்தியானம் சாப்பிடும்போது கீர்த்தனா சொன்ன கதை இது. மாப்பிள்ளையின் அம்மா என்ன வேலை என்று கேட்டாராம். ஏரி, மரம், பருவநிலை என்று இவள் விளக்க, அந்தம்மா, "அப்ப நூறு நாள் வேலையா?" என்றாராம். அப்பா தலையைக் குனிந்துகொண்டாராம். எனக்குச் சங்கடமாகப் போச்சு. அவளே சிரித்தாள்: "அதுல நூறு நாளாவது கேரண்டி இருக்குக்கா. எனக்கு அதுவும் இல்ல."

கால்வாய்ச் சண்டை

ஏரிக்குத் தண்ணீர் போகிற கால்வாயில், எங்களைத் தினம் பார்க்கிற தெருக்காரர் ஒருத்தர் வீடு இடித்த கல்லையெல்லாம் கொட்டியிருந்தார். "எங்க ஊரு கால்வாய், நீ யாரும்மா கேக்க?" என்று கத்தினார். கீர்த்தனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாய் தானாகத் திறந்தது: "மழை வந்தா தண்ணி உங்க வூட்டுக்குத்தாண்ணா முதல்ல வரும்!"

அவர் கால்வாயையும் தன் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் கல்லை அள்ள ஆள் அனுப்பினார். வந்து நின்று சொன்னார்: "இவ்ளோ நாளா உன்ன ஊமைன்னு நெனச்சிகினு இருந்தேன்."

அப்பா வந்தார்

பெருமழை விட்ட மறுநாள் கீர்த்தனாவின் அப்பா ஊரப்பாக்கத்திலிருந்து வந்தார், பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு. கெடு முடிந்தது, கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். டீயைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன்.

அவர் மகளைப் பார்க்கவே இல்லை. தெருவைப் பார்த்தார். சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை, எல்லாம் கால்வாய் வழியாக ஏரிக்கு ஓடிக்கொண்டிருந்தது. டீ ஆறிப்போச்சு. அப்புறம் கேட்டார்: "இதெல்லாம் தாம்பரத்துக்கு மட்டுந்தானா, இல்ல எங்க தெருவுக்கும் வருவீங்களா?"

மொத்தத்தில், ஊர் சம்மதித்தால் வீடும் சம்மதிக்கிறது. ஆனால் வீடு சம்மதித்துவிட்டால் அப்புறம் நம்மை நிம்மதியாக ஒரு பை மண்கூட அடைக்க— இதோ வந்துட்டேன் கீர்த்தனா, உங்கப்பாவை ஹாரன் அடிக்க வேணாம்னு சொல்லும்மா, புள்ள தூங்குது, மண்வெட்டிய மட்டும் எடுத்துக்கினு வரேன், உங்க தெருக் கால்வாய் எங்கயும் ஓடிப்போவாது.