புகைக்கு ஒரு காவல்

கடைசிவரை துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர் நெருப்பண்ணன். சரக்குக் கப்பலின் அடித்தளத்தில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவதுதான் அவர் வேலை. போர் வந்தது. படைக்கு மாவும் எண்ணெயும் சுமக்கக் கப்பல் கிளம்பியது, அவரும் போனார். கூடவே தங்கை புருஷனும். கிடங்கிலிருந்து கரியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டுவது அவன் பாடு. அவனைப் பத்திரமாகக் கூட்டிவருவதாகத் தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தப் பயணத்தில் வாய்த்தது மட்டக் கரி. கொஞ்சம் கூட்டிப் போட்டால் புகைபோக்கியில் கரும்புகை கிளம்பும். எதிரியின் நீர்மூழ்கிக்கு அதைவிட அடையாளம் வேண்டாம். குறைத்துப் போட்டால் நீராவி அழுத்தம் இறங்கி, கூட்டமாகப் போகும் கப்பல்களிலிருந்து பின்தங்க வேண்டியதுதான். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

ஒரு மாலை, நீர்மூழ்கி அருகில் இருப்பதாகத் தகவல் வந்தது. குண்டு பட்டால் அடித்தளத்து ஆட்களுக்கு ஏணி ஏற நேரமிருக்காது.

"மாப்ளே, மேல போ. புகை எப்படி வருதுன்னு பாத்துக் காத்துக்குழாய் வழியா சொல்லு."

"அப்ப கரி யாரு தள்றது?"

"குவிச்சு வச்சிருக்கியே, போதும். போடா."

சற்று நேரத்தில் குழாய்க்குள் குரல் இறங்கியது.

"உங்க சட்டை மாதிரியே கருப்பு, மச்சான்!"

அவர் கரியைக் குறைத்து, நெருப்பின் மேல் மெலிதாகப் பரப்பினார்.

"இப்ப?"

"வெளுக்குது. அப்படியே போடுங்க, இன்னும் கொஞ்சம்..."

பேச்சு பாதியில் நின்றது. சம்மட்டியால் அடித்ததுபோலக் கப்பல் அதிர்ந்தது. கரிக்குவியல் சரிந்தது.

"மாப்ளே!"

ஏணியில் ஒரு காலை வைத்தார். நீராவி அழுத்தம் காட்டும் மானியின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் கப்பல் பின்தங்கினால் மேலே இருப்பவனும் பிழைக்க மாட்டான். காலை எடுத்தார். கரி அளவு தவறாமல் விழுந்தது.

தடதடவென்று யாரோ இறங்கினார்கள்.

"பக்கத்துக் கப்பல், மச்சான். நமக்கு இல்ல." அவனுக்கு மூச்சு வாங்கியது. "எல்லாரையும் படகுப் பக்கம் நிக்கச் சொன்னாங்க. அப்பத்தான் புரிஞ்சுது, என்னை எதுக்கு மேல அனுப்புனீங்கன்னு."

"புரிஞ்சும் ஏன்டா இறங்குன, அறிவுகெட்டவனே?"

"நான் மட்டும் கரையேறிப் போனா உங்க தங்கச்சி என்னை உசுரோட விட்ருவாளா?"

அவர் வாயில் வந்தபடி திட்டினார். அவன் காதில் வாங்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிடங்குக்குள் போனான். இருட்டும்வரை அவன் கொட்ட, அவர் போட்டார். முள் இறங்கவில்லை. புகை எழுகிறதா என்று சொல்ல மேலே ஆளில்லை.

கப்பல் கரை சேர்ந்தது. போர் முடியும்வரை இருவரும் அதில்தான் போனார்கள். மேலே போ என்று மட்டும் அவர் மறுபடி சொல்லவில்லை.