நெற்றியில் ஒரு ரிஜெக்ட்

இன்று காலை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் நின்றவர் சட்டையிலிருந்து கூலன்ட் வாடை வந்தது. லேத் மெஷினில் இரும்பு சூடேறாமல் இருக்க ஊற்றுவார்களே, அதுதான். புளித்த மோரில் மண்ணெண்ணெய் கலந்த மாதிரி இருக்கும். ஊரில் எல்லோருக்கும் ஏதோ ஒரு வாசனையில் பழைய காதலி ஞாபகம் வருமாம். எனக்குக் கூலன்ட் வாடையில் இயற்கணிதம் ஞாபகம் வருகிறது. என் ராசி அப்படி.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ராஜம்மாக்கா வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். தெலுங்குக்காரர்கள். மகள் ரூபா ஒன்பதாவது. அரையாண்டில் கணக்கில் ஊற்றிக்கொண்டாள். அக்கா அவளைத் தெலுங்கில் திட்டி முடித்துவிட்டு, தமிழில் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ டிப்ளமா படிச்சவன்தானே? இவளுக்குக் கணக்கு சொல்லிக்குடு. முழுப்பரீட்சையிலயும் போச்சுன்னா படிப்ப நிறுத்திடுவேன். பேரிகையில எங்கண்ணன் ரோஜாத் தோட்டத்துக்குப் பூப்பறிக்க அனுப்பிடுவேன்."

டிப்ளமா படித்தவன்தான். கணக்குத் தாளை மூன்றாவது தடவையில் தாண்டியவன் என்பதை யாரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை, கம்பெனியில் உதிரி பாகங்களை அளந்து பார்ப்பது. சரியென்றால் பச்சை ஸ்டிக்கர், ரிஜெக்ட் என்றால் சிவப்பு. பிள்ளைக்கும் அதுதான் முறை என்று நினைத்து, தப்பான கணக்குக்கெல்லாம் சிவப்பு ஒட்டினேன். ஒரே வாரத்தில் நோட்டுக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. பயந்து திருந்துவாள் என்று பார்த்தால், ஒன்றை உரித்து நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டாள்.

"ண்ணா, இதுல சின்ன சைஸ் கிடைக்குமா? எங்க கிளாஸ்ல ரெண்டு பேரு கேட்டாங்க."

பரீட்சைக்கு மூன்று வாரம். அவள் கொட்டாவி விட்டாள், நான் நகம் கடித்தேன். உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் நடப்பேன். "நடக்காதீங்கண்ணா, தலை சுத்துது" என்பாள். பஸ்ஸில் யாராவது ரோஜாக் கூடையோடு ஏறினாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அந்தப் பதற்றத்தில், துளையே போடாத ஒரு பாகத்துக்குப் பச்சை ஒட்டிவிட்டேன். சூப்பர்வைசர் அதைத் தூக்கிக் காட்டினார். "இதுல எங்கய்யா போல்ட்டு மாட்டறது, உன் மூக்குலயா?"

அன்று சாயங்காலமும் சூப்பர்வைசர் குரல்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. (x−3)² விரித்துக் காட்டும்போது கடைசியில் மைனஸ் ஒன்பது என்று எழுதிவிட்டேன். சுவரில் சாய்ந்து கிடந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ண்ணா, மைனஸையும் மைனஸையும் பெருக்குனா ப்ளஸ்தானே? நீங்க ரிஜெக்ட்டு!"

சிவப்பு ஸ்டிக்கரை என் நெற்றியில் ஒட்டிவிட்டு, சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். "கவனிக்கறியான்னு பாக்கத்தான் அப்படி எழுதுனேன்" என்றேன். சுத்தப் பொய்.

மறுநாள் நான் இறங்குவதற்குள் நோட்டோடு படியில் நின்றாள். அதற்குப் பிறகு கணக்குப் போடுவது நான், சோதிப்பது அவள். என் தப்பைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் அவளே தனியாகப் போட்டுப் பார்த்தாக வேண்டும். அது அவளுக்கு உறைக்கவே இல்லை. ஷிப்டு முடிந்து வந்தால் கை கழுவக்கூட விடமாட்டாள். அந்த நோட்டு முழுக்க என் கூலன்ட் கைரேகைதான். தப்புகளில் பாதியை வேண்டுமென்றே செய்தேன். மீதிப் பாதியைப் பற்றி இங்கே வேண்டாம்.

பாஸாகிவிட்டாள். நாற்பத்தொன்று. அக்கா பேரிகைப் பேச்சை விட்டுவிட்டு எனக்கு ஒப்பட்டு, நம்ம போளிதான், சுட்டுப் போட்டார். பத்தாவது தொடங்கியதும் வழக்கம்போல இறங்கிப் போனேன். "வேணாம்ணா, நீங்க லேட்டாக்குறீங்க. நானே போட்டுக்கறேன்" என்றாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். சந்தோஷமும் பட்டேன். ஆனால் ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடி நிற்கிறது. அவர்கள் ஆனேக்கல் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. கம்பெனியில் ஸ்டிக்கர் ஒட்ட ஆள் கிடையாது. ரிஜெக்ட்டைக் கேமராவே பார்த்து ஓரம் தள்ளிவிடுகிறது. எனக்கும் பதவி உயர்ந்து, மீட்டிங்கில் போர்டில் எழுதுகிற ஆளாகிவிட்டேன். போன மாதம் ஒரு கூட்டலை வேண்டுமென்றே தப்பாகப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

பத்துப் பேரும் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.