பேச்சு நின்றுபோன ஏட்டு

ஆயுர்வேதப் பட்டம் வாங்கியபின், மனநோய்ப் பிரிவில் மேற்படிப்புப் படிக்கப்போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய்ச் சிகிச்சை செய்தாலே பிழைத்துக்கொள்ளலாமே என்றார் அப்பா. கேரளத்தில் படித்து முடித்துத் திரும்பியதும் ஏறக்குறைய அதுதான் நடந்தது. ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஒரு சிகிச்சை நிலையத்தில் வேலை. வந்தவர்களில் பாதிப்பேருக்கு முதுகுவலி, மீதிப்பேருக்குத் தூக்கமின்மை.

சாரல் விடாமல் விழுந்த ஒரு காலையில், வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு பெண் தன் கணவரைக் காரில் கொண்டுவந்தார். போலீஸில் ஏட்டு. நல்ல ஆகிருதி. இரண்டுபேர் தூக்கி உட்காரவைக்க, வைத்தபடியே இருந்தார். சில நாட்களாகப் பேச்சில்லை, சாப்பாடும் இறங்கவில்லை என்றார் அந்த அம்மாள். தலையில் தைலதாரை விட்டால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

நாடி பார்க்க அவர் கையைத் தூக்கினேன். பார்த்துவிட்டு விட்டேன். கை இறங்கவில்லை. நான் விட்ட இடத்திலேயே அந்தரத்தில் நின்றது. சற்று மேலே நகர்த்தினேன், அங்கேயும் நின்றது. புத்தகத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான்.

எண்ணெய்க்கு இங்கே வேலையில்லை, உடனே மனநல மருத்துவரிடம் போகவேண்டும் என்றேன். அந்த அம்மாள் மறுத்தார்.

"அங்கன போனா பைத்தியம்னு சொல்லிருவாவ, டாக்டர். இவரு வேலை என்னாகும்?"

நானும் கூட வருகிறேன் என்றபிறகே காரில் ஏறினார்.

தென்காசியில் நாங்கள் போன மனநல மருத்துவமனையை நடத்தியவர் என் வயதுப் பெண். முதலில் இரத்தத்தைப் பரிசோதித்தார், குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். பயப்பட வேண்டாம், இப்படி உறைந்துபோகிற நிலைக்கு மருந்து இருக்கிறது என்று அந்த அம்மாளிடம் பொறுமையாக விளக்கினார். பிறகு நரம்பில் மெல்ல ஓர் ஊசி போட்டார்.

காத்திருந்தோம். முதலில் இமை அசைந்தது. அப்புறம் விரல்கள். தோளின் இறுக்கம் தளர்ந்தது. தலையைத் திருப்பி மனைவியைத் தேடினார்.

"ஏட்டி, மோட்டார அமத்திட்டு வந்தியா?"

அந்த அம்மாள் ஓடிவந்து அவர் கையைப் பற்றிக்கொண்டார். அன்று காலை புறப்படும்போது, தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறது, நிறுத்திவிட்டு வருகிறேன் என்று கணவர் காதில் சொன்னாராம். அவசரத்தில் நிறுத்த மறந்திருக்கிறார். கல்லாகக் கிடந்தவர் அதைக் கேட்டு, அதற்காகக் கவலைப்பட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார். மோட்டாரை நிறுத்தச் சொல்லி, அழுதபடியே தன் தம்பிக்குப் போன் போட்டார் அந்த அம்மாள்.

சாயங்காலம் பேச்சு மறுபடி குறைந்தது. ஊசியின் வேகம் தணிந்தால் அப்படித்தான், அது எதிர்பார்த்ததுதான் என்றார் மருத்துவர். உள்ளே வெகுநாளாக இருந்த மனச்சோர்வுக்கும் சேர்த்து வைத்தியம் நடந்தது. பல வாரங்கள் பிடித்தன. நான் விடுமுறை நாட்களில் போய்ப் பார்த்துவந்தேன். ஒருநாள் மருத்துவரே பேச்செடுத்தார்.

"மருந்த நான் பாத்துக்கிடுதேன். தூக்கம், சாப்பாடு, வீட்டு ஆளுவகூட உக்காந்து பேசுதது, இதுக்கெல்லாம் எனக்கு நேரம் பத்தல. நீங்க இங்கன வந்திருங்களேன்."

அடுத்த மாதமே சேர்ந்தேன். சம்பளம் குறைவு என்று அப்பாவுக்கு வருத்தம்.

ஏட்டு வேலைக்குத் திரும்பியபின் ஒருமுறை சீருடையோடு வந்தார். உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"எல்லாம் கேட்டுச்சி, சார். பதிலு தொண்ட வரைக்கும் வரும். வாயத் தொறக்கதுக்கு வழிதான் தெரியல."

சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடுத்த நோயாளியை உள்ளே அழைத்தேன்.