தத்தா சாப் எந்தப் பக்கம்

போர்ட் பிளேயருக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது, இங்கே தமிழர்கள் ஒருவரோடொருவர் இந்தியில் பேச்சைத் தொடங்குவதுதான். அபர்டீன் பஜாரில் மீன் விற்கிறவர் தூத்துக்குடிக்காரர், வாங்குகிற நான் திருநெல்வேலிக்காரன். நான் ‘கித்னா’ என்பேன், அவர் இந்தியிலேயே விலை சொல்வார். பேரம் முற்றி யாராவது ஒருவர் வாயில் தமிழ் தெறித்த பிறகுதான் இருவரும் சிரித்துக்கொள்வோம். ஊரில் ஒருவன் வாயைத் திறக்குமுன்பே அவன் தெரு, சாதி, கட்சி மூன்றும் நமக்குத் தெரிந்துவிடும். இங்கே எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. அப்படி விசாரிக்கப் போய்த்தான் தலைகுனிந்தேன்.

கப்பல்களுக்கும் தூரத்துத் தீவுகளுக்கும் வயர்லெஸ் கருவி பொருத்தித் தரும் கம்பெனியில் எனக்கு வேலை. ஃபீனிக்ஸ் பே துறைக்கு அருகே தகரக்கூரை ஆபீஸ். கம்பெனியின் தலைவர் தத்தா சாப், வங்காளி. பள்ளிக்கூட விஷயங்களைப் பார்க்கும் ஆலோசனைக் குழுவிலும் அவர் இருந்தார். ஊரில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து சில காலமே ஆகியிருந்தது. இங்கே எங்கள் தமிழ்ச் சங்கத்தில், தமிழில் பாடம் நடத்தும் ஒரு வகுப்பாவது கேட்டு வாங்க வேண்டும் என்ற பேச்சு. அந்த வகுப்பை நம்பி என் மகள் மங்கையை நான் எந்தப் பள்ளியிலும் சேர்க்காமல் வைத்திருந்தேன். சங்கச் செயலாளர் செல்லையா அண்ணாச்சி, கட்டட கான்ட்ராக்டர், என்னைத் தனியே அழைத்தார்.

“தம்பி, உங்க சாப் எந்தக் கட்சின்னு தெரியாம மனுவ நீட்டப்படாது, கேட்டியளா. இந்திப் பக்கத்து ஆளா இருந்தா காரியமே கெட்டுப்போவும். கூடவே இருக்கியளே, பாத்துச் சொல்லுங்க.”

பார்க்கத் தொடங்கினேன். கதர்ச் சட்டை போட்டு வந்தால் காங்கிரஸ் என்றேன். படகுக்காரர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதைச் சொன்னதும் “அப்ப கம்யூனிஸ்ட்டு” என்றார் அண்ணாச்சி. ஆபீஸ் சுவரில் எந்தத் தலைவர் படமும் இல்லை என்றதற்கு, “அது இன்னும் மோசம்லா” என்றார். ஆபீஸில் அவர் இந்திதான் பேசுவார் என்பது எங்களுக்குப் பெரிய சாட்சியாகத் தோன்றியது. எங்களில் ஒருவருக்கும் வங்காளம் தெரியாது, வேறு எந்த மொழியில்தான் அவர் எங்களிடம் பேசுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனு பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

கடைசியில் பொறுமை இழந்து, ஒரு மத்தியானம் தேநீர் குடிக்கும்போது நேராகவே கேட்டுவிட்டேன். கட்சி என்பதற்கு இந்திச் சொல் அந்த நேரம் வாயில் வரவில்லை.

“ஆப் கிஸ் தரஃப் கே ஹைன், சாப்?” நீங்கள் எந்தப் பக்கம் என்று.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “உஸ் தரஃப் கா” என்றார். அந்தப் பக்கத்துக்காரன். எந்தக் கட்சியைச் சொல்கிறார் என்று நான் விழித்தேன். அவர் சொன்னது எல்லைக்கு அந்தப் பக்கம், கிழக்கு வங்காளத்தில் விட்டு வந்த வீட்டை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “பிரிவினையின்போது வரும் வழியில் ஒரு கூட்டம் எங்களை மறித்து இதையேதான் கேட்டது. என் அண்ணன் பதில் சொன்னான். அவர்களுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அண்ணனை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் வந்தேன். அதன் பிறகு யார் கேட்டாலும் பதில் சொல்வதில்லை. நீ நம்ம ஆள் என்பதால் சொன்னேன்.”

நம்ம ஆள் என்ற சொல்தான் என்னை அதிகம் சுட்டது. எதற்குக் கேட்டாய் என்றார். பொய் சொல்ல வாய் வராமல், வகுப்பு விஷயத்தைச் சொன்னேன்.

“குழு போன வாரமே கூடிவிட்டதே. தமிழர்கள் யாரும் கேட்கவில்லை என்றார்கள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். நேராக வந்து வகுப்பைக் கேட்டிருக்கலாமே?”

அன்று மாலை அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர், முடிவில் தயங்கியபடி, “பொறவு... எந்தக் கட்சிதானாம்?” என்றார். அவர்மேல் எரிச்சல் வந்தது. எனக்குள்ளும் அதே கேள்வி இன்னும் உயிரோடு இருந்தது தெரிந்ததும் எரிச்சலும் போய், வெட்கம் மட்டும் மிஞ்சியது.

மனுவில் முதல் கையெழுத்து தத்தா சாப் போட்டதுதான். ஆனாலும் வகுப்பு வர இரண்டு வருடம் பிடித்தது. அதற்குள் மங்கையை இந்தி வகுப்பில் சேர்த்துவிட்டிருந்தேன். தமிழ் வகுப்பு திறந்தபோது, சின்னப் பிள்ளைகளோடு மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார மாட்டேன் என்று அழுதாள். வற்புறுத்த எனக்கு முகமில்லை.

நேற்று ரேடியோவில் இலங்கை நிலையத்தின் தமிழ்ப் பாட்டு ஒன்று வந்தது. அது மங்கைக்குப் பிடித்துப்போய், சிலேட்டில் எழுதிக்கொண்டு என்னிடம் ஓடிவந்து, சரியாக இருக்கிறதா பாருங்கள் என்றாள். அத்தனையும் தமிழ் வார்த்தைகள், அத்தனையும் இந்தி எழுத்தில். நான் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். முதல் சொல் ‘அம்மா’ என்று எனக்குப் புரிவதற்குள் அவள் முழுப் பாட்டையும் பாடி முடித்திருந்தாள்.