நிற்காத வண்டியை எடுக்க மாட்டேன்

மலாயாவில், தம்பின் நகரத்திலிருந்து பத்து மைல் உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் ஆஸ்பத்திரி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எட்டுக் கட்டில், ஒரு மருந்து அலமாரி, டாக்டருக்குப் பதில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு டிரெசர். அவர் கைக்கு மிஞ்சிய நோயாளிகளைத் தம்பின் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. அவசரகாலச் சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டுக்குள் ஒளிந்து சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியோ மருந்தோ போய்விடக் கூடாதென்று, தோட்டத்துக்கு வெளியே போய் வருகிற ஒவ்வொரு வண்டியையும் வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள்.

அந்த வாசல் ஒரு சரிவின் அடியில் இருந்தது. மேட்டிலிருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து அரை மைல் தூரத்துக்குச் செம்மண் பாதை வளைந்து இறங்கும். கீழே குறுக்கே ஒரு தடுப்பு மரம், அதற்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த ஒரு கல், இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். கல்லைத் தாண்டாமல் வண்டி நிற்க வேண்டும். தாண்டினால் சுடலாம் என்பது அவர்களுக்கு இருந்த உத்தரவு.

வேனின் பிரேக் மோசமாகிக்கொண்டு வருவது எனக்கு இரண்டு மாதமாகவே தெரியும். முதலில் பெடல் பாதி தூரம் இறங்கியதும் பிடித்தது. பிறகு இன்னும் கொஞ்சம் இறங்கியது. நான் வண்டிக்கு அடியில் படுத்து, பிரேக்கை நெருக்கிவைக்கிற திருகைத் திருகி வைப்பேன். பத்து நாள் சரியாக இருக்கும். மறுபடி திருகுவேன். பத்து நாள் ஒரு வாரமானது, ஒரு வாரம் மூன்று நாளானது. ஒரு காலையில் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் திருகு நகரவில்லை. அது போகக்கூடிய தூரமெல்லாம் போய் முடிந்துவிட்டது.

அன்றைக்கே வண்டியில் ஒரு கிழவரை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கினேன். கியரைக் குறைத்து மெதுவாகத்தான் வந்தேன். கல்லுக்கு முன்னால் பெடலை மிதித்தேன். அது பலகை வரைக்கும் போய் முட்டியது. முன் சக்கரத்தில் இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். வண்டி கல்லைத் தாண்டி, தடுப்பு மரத்துக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது.

"பெர்ஹெந்தி!" என்று கத்திக்கொண்டே ஒரு கான்ஸ்டபிள் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். நில் என்கிறான், நான் நின்றுதான் இருந்தேன். இரண்டு கையையும் ஸ்டியரிங் மேலே தூக்கிக் காட்டினேன். அவனுக்கு இருபது வயதுகூட இராது. துப்பாக்கி முனை ஆடிக்கொண்டிருந்தது. என் முகம் தெரிந்ததும் இறக்கினான்.

திரும்பி வந்ததும் கிராணியிடம் போனேன். தோட்ட ஆபீசில் கணக்கும் சாமானும் அவர் பொறுப்பு.

"ஐயா, வேனுக்கு முன்சக்கர பிரேக் லைனிங் முடிஞ்சு போச்சு. மாத்தியே ஆகணும்."

"மாசக் கடைசியில பட்டறைக்கு அனுப்பலாம்லா. டவுன்ல இப்ப எல்லாப் பட்டறையிலயும் பட்டாளத்து லோரிதான் நிக்குது. அதுவரைக்கும் கொஞ்சம் டைட் பண்ணி ஓட்டு."

"டைட் பண்ண இனி எடமில்லீங்க."

"பாத்து ஓட்டு. நீ பழைய டிரைவர்தானே" என்று அவர் பேனாவை எடுத்துக்கொண்டார்.

ஷெட்டுக்குப் போய் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றினேன். சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை இழுத்ததும் கறுப்புத் தூள் கொட்டியது. பிரேக் ஷூ என்பது பிறை வடிவ இரும்பு. அதன் மேல் உரசிப் பிடிக்கிற லைனிங்கைச் செம்பு ரிவெட்டால் அறைந்திருப்பார்கள். அந்த ரிவெட்டுகளின் தலை லைனிங்குக்குள் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும். என் கண்ணில் பட்டதோ, வரிசையாகப் பளபளவென்று தேய்ந்த செம்புத் தலைகள். டிரம்மின் உட்புறத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். கோடு விழத் தொடங்கியிருந்தது, ஆழமாக இல்லை. இன்னும் ஒரு வாரம் ஓட்டினால் டிரம்மும் போய்விடும். பின்சக்கரங்களையும் பார்த்தேன், அவற்றில் பாதி மிச்சமிருந்தது. மாற்ற வேண்டியது முன்பக்கம் இரண்டும்தான். மாசக் கடைசி வரைக்கும் காத்திருப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை நானே மாற்றிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ரிவெட்டு அடிப்பதைப் பட்டறையில் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். என் கையால் செய்ததில்லை.

மறுநாள் சனிக்கிழமை மருந்து வாங்கத் தம்பின் போக வேண்டியிருந்தது. சரிவில் முதல் கியரில் ஊர்ந்து, கல்லுக்கு இருபது அடி முன்னாலேயே கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். ஷூவின் நீள அகலத்தை அட்டையில் வரைந்து வெட்டி எடுத்துப் போயிருந்தேன். உதிரிச் சாமான் விற்கிற சீனக் கடைக்காரர் அந்த அட்டையை ஒவ்வொரு லைனிங் மேலும் வைத்துப் பார்த்து, சக்கரத்துக்கு இரண்டாக நான்கு துண்டும், ஒரு பொட்டலம் ரிவெட்டும் கொடுத்தார்.

திரும்பும்போது வாசலில் பொட்டலத்தைப் பிரித்தார்கள். துப்பாக்கியைத் தூக்கிய அதே பையன்தான். செம்பு ரிவெட்டுகளை உள்ளங்கையில் கொட்டி, "இனி ஆப்பா?" என்று கேட்டான். இது என்னவென்று சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. காலால் பெடலை மிதிப்பதுபோல் தரையில் மிதித்து, "பிரேக், பிரேக்" என்றேன். அவன் கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு ஒன்றுகூடக் கீழே விழாமல் எல்லாவற்றையும் பொட்டலத்திலேயே போட்டுக் கொடுத்தான்.

அன்று மாலை டிரெசர் என் வீட்டுக்கே வந்தார். எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் இருந்த பெண்ணுக்கு எட்டாவது மாதம். கால், முகமெல்லாம் வீக்கம், தலைவலி. என் மனைவியோடு ஒரே நிரையில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுகிறவள்.

"திங்கக்கிழமை காலையில அவளப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆகணும். அதுக்கு மேல நான் வச்சுப் பாக்க முடியாது. வண்டி ரெடியா இருக்குமா?"

"இருக்கும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நானும் மனைவியும் ஷெட்டுக்குப் போனோம். வண்டியைக் கட்டைமேல் ஏற்றினேன். பெடலை யாராவது தெரியாமல் மிதித்துவிட்டால் சக்கரத்துக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே துள்ளிவிடும் என்று, அந்தப் பிஸ்டனைக் கம்பியால் சுற்றிக் கட்டினேன். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறு பக்கத்தைப் பிரிப்பது என்று வைத்துக்கொண்டேன்; ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்ற சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

மனைவி ஷூவை அழுத்திப் பிடிக்க, பழைய ரிவெட்டுகளைக் கை டிரில்லால் துளைத்து எடுத்தேன். புதிய லைனிங்கை வைத்து, நடுவிலிருந்து தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் அடித்துக்கொண்டு போனேன். முதல் துண்டுக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. இரண்டாவது சீக்கிரமே முடிந்தது. மூன்றாவதும் நன்றாக வந்தது. நான்காவதில் கடைசி ரிவெட்டு. கை தேறிவிட்டது என்ற நினைப்பில் சுத்தியலைச் சற்று ஓங்கிவிட்டேன். ‘டிக்’ என்றது. ஓட்டையிலிருந்து விளிம்பு வரைக்கும் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

மனைவி அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"என்னங்க, இத இப்படியே போட்டா ஓடாதா?"

"வண்டி ஓடும். நிக்கிறதுக்குத்தான் உத்தரவாதம் இல்ல. சரிவுல மிதிக்கிறப்ப துண்டு ஒடைஞ்சு உள்ள மாட்டிக்கிச்சுன்னா, சக்கரம் ஒரு பக்கமா இழுத்துட்டுப் போயிரும்."

"அப்ப போடாதீங்க" என்றாள். "உள்ள அவ படுத்திருப்பா."

கடை ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். பழைய லைனிங்கையே அந்தச் சக்கரத்தில் அடித்து மாட்டிவிடலாமா என்ற ஆசை எழுந்து எழுந்து அடங்கியது. ஒரு சக்கரம் பிடித்து ஒரு சக்கரம் பிடிக்காவிட்டால் அது இன்னும் மோசம். முடிந்த சக்கரத்தை மாட்டினேன். மற்றதைக் கட்டைமேலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வண்டி ரெடியாக இருக்கும் என்று டிரெசரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், வெட்டுக்காரர்களெல்லாம் வரிசையில் நிற்கும்போதே துரையிடம் போய்ச் சொன்னேன். வெள்ளைக்காரர். தோட்டத் தமிழ் பேசுவார்.

"யார் சொல்லி நீ வண்டி கழட்டினே?"

"யாரும் சொல்லலீங்க தொரை. பிரேக் இல்ல, அதான் கழட்டினேன்."

"மாசக் கடைசி என்று கிராணி சொல்லியாச்சு. இப்ப மாட்டு. இப்ப எடு."

"நிக்காத வண்டிய நான் எடுக்க மாட்டேங்க."

துரையின் கழுத்து சிவந்தது. "வேலை வேணுமா வேணாமா?"

"வேணும் தொரை. ஒரு லைனிங் கெடைச்சா இன்னிக்குச் சாயங்காலமே வண்டி ரெடி. அது இல்லாம எடுக்க மாட்டேன்." நான் அவ்வளவு உறுதியாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன்.

டிரெசர் முன்னால் வந்து, அந்தப் பெண்ணுக்குப் பொழுது விடியும்போது கண் மங்கத் தொடங்கிவிட்டது, இன்றைக்கே போயாக வேண்டும் என்றார். துரை காட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் பக்கம் வீசினார். "என் கார் எடு."

அவருடைய கார் சுற்றிலும் இரும்புத் தகடு அடித்தது. ஜன்னலுக்குப் பதில், திறந்து மூடுகிற தகட்டுக் கதவு. அந்த வட்டாரத்தில் அதைத் தெரியாதவர் இல்லை. காட்டில் ஒளிந்திருந்தவர்கள் தேடியதே அப்படிப்பட்ட கார்களைத்தான். உள்ளே ஒரு கர்ப்பிணி இருக்கிறாள் என்று மரத்துக்குப் பின்னால் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? வேனை எடுக்க மாட்டேன் என்று நான் பிடித்த பிடிவாதம் அவளை இதில் கொண்டுவந்து ஏற்றுகிறது.

ஒரு கான்ஸ்டபிள் துப்பாக்கியோடு முன் சீட்டில் ஏறப் போனான். என் மனைவி பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"அவரு வேணாம். துப்பாக்கியப் பாத்தா தொரைதான் போறாருன்னு நெனைப்பாங்க. நான் முன்னால உக்காந்துக்கிறேன்."

"உனக்குப் பைத்தியமா?"

"கதவத் தொறந்து வைங்க. சேல தெரியட்டும், மொகம் தெரியட்டும்" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

டிரெசரும் அந்தப் பெண்ணும் பின்னால். சரிவில் காரை இறக்கிக் கல்லுக்கு முன்னால் மிதித்தேன். அவ்வளவு கனத்தையும் பிரேக் அலுங்காமல் பிடித்து நிறுத்தியது. நல்ல பிரேக் எப்படியிருக்கும் என்பதை என் கால் மறந்தே போயிருந்தது.

அதற்குப் பிறகு ஏழு மைல் ரப்பர் மரங்களுக்கு நடுவில். மனைவி தகட்டுக் கதவைத் தள்ளித் திறந்து, முகத்தையும் ஒரு கையையும் வெளியே வைத்துக்கொண்டே வந்தாள். ஒரு வளைவில் பாதை ஓரமாக மூன்று பேர் நின்றார்கள். என் கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டது. விறகு பொறுக்குகிறவர்கள். ஒருத்தி என் மனைவியைப் பார்த்துக் கையை உயர்த்தினாள், இவளும் உயர்த்தினாள். பின்னால் படுத்திருந்தவள் அடிக்கடி, "எங்க வந்துருக்கோம்?" என்று கேட்டாள். "கிட்ட வந்தாச்சு" என்று டிரெசர் ஒவ்வொரு முறையும் பொய் சொன்னார். தம்பின் சந்தைக் கூரை கண்ணில் பட்டபோதுதான் மனைவி கையை உள்ளே இழுத்தாள். மணிக்கட்டு முழுக்கப் புழுதி.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். நான் சீனர் கடைக்குப் போய் வெடித்த துண்டைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கட்டையில் பழைய லைனிங் ஒன்றை வைத்து, ரிவெட்டுத் தலையில் எவ்வளவு மெதுவாகத் தட்ட வேண்டும் என்று தட்டிக் காட்டினார். ஒரு துண்டு கேட்டதற்கு இரண்டு கொடுத்தார்.

அன்று பிற்பகலே நான்காவது லைனிங்கை அடித்தேன். இந்த முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு. கம்பியை அவிழ்த்து, டிரம்மையும் சக்கரத்தையும் மாட்டிய பிறகு மனைவி டிரைவர் சீட்டில் ஏறிப் பெடலை மிதித்தாள். நான் சக்கரத்தைக் கையால் சுற்றுவேன், "மிதி" என்பேன். அது சட்டென்று நிற்கும். "விடு" என்பேன், சுற்றும்.

"இன்னும் எத்தன தரம்?"

"எனக்குத் திருப்தி வர்ற வரைக்கும்."

இருபது முறைக்கு மேல் மிதித்திருப்பாள்.

மறுநாள் துரை ஷெட்டுக்கு வந்தார். வேனில் என் பக்கத்தில் ஏறி, கையால் சரிவைக் காட்டினார். இறக்கினேன். பாதிச் சரிவில், "ஸ்டாப்" என்று திடீரென்று கத்தினார். மிதித்தேன். வேன் அந்த இடத்திலேயே நின்றது. அவருடைய தொப்பி கண்ணாடியில் போய் மோதியது. தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு இறங்கி, மேட்டை நோக்கி நடந்தே போய்விட்டார். அந்த வாரமே கிராணி ஒரு முழு செட் லைனிங் வரவழைத்து ஸ்டோரில் வைத்தார். அதற்குப் பிறகு எப்போது சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பது, எப்போது மாற்றுவது என்பதை நானே முடிவு செய்தேன்.

அந்தப் பெண் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சேர்த்த இரண்டாம் நாள் அவளுக்கு வலிப்பு வந்ததாம். பெரிய டாக்டர் பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்தாள். குறை மாதத்தில் பிறந்த பெண் குழந்தை, அதுவும் தங்கிவிட்டது. அவர்களை அழைத்துவர வேனை எடுத்துக்கொண்டு போனேன். குழந்தை துணிக்குள் ஒரு கை அளவுதான் இருந்தது. தோட்டத்து வாசலுக்கு வந்ததும் அவள் மெதுவாக, "அண்ணே, புள்ள இப்பத்தான் தூங்குது, குலுக்காம நிப்பாட்டுங்க" என்றாள்.

குலுங்காமல்தான் நின்றது.