கன்ட்ரோலரை நான் தொடவில்லை

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பூர் ராயபுரத்தில், பட்டப்பகலில் எனக்கு நடந்தது இது.

என் தங்கச்சி ரோஸ்மேரிக்கு, எங்கள் ரோசிக்கு, இதயத்தில் கோளாறு. தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊரில், அம்மாவோடு படுத்த படுக்கையாகக் கிடந்தாள். வாரத்தில் அவளுக்கு ஒரே சந்தோஷம், ஞாயிறு சாயந்தரம் என்னோடு ஆன்லைனில் கேம் ஆடுவதுதான். இரண்டு பொம்மைகள் சேர்ந்து பள்ளம் பள்ளமாகத் தாண்டிப் போக வேண்டும். அவ்வளவுதான்.

நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வாரமெல்லாம் ஓவர்டைம். ஞாயிறும் உட்கார் என்றால் எரிச்சல் வராதா? வந்தது. வீடியோ பார்த்து, கேமைத் தானாக ஆடவைக்கக் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓடு, ஒன்றரை செகண்ட் பொறு, குதி, மறுபடி ஓடு... கன்ட்ரோலரைத் தொடாமலே என் பொம்மை ஆடும். அவள் நான்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

நாலு மணிக்கு அதை ஓடவிட்டேன். சத்தத்தை அணைத்தேன். போனைச் சார்ஜில் போட்டேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு பிரியாணி சாப்பிடப் போனேன். வெட்கங்கெட்டவன்.

திரும்பி வந்தால், வீட்டுக்கார அக்கா பழனியம்மாள் வாசலில் நிற்கிறார்.

"ஏனுங் தம்பி, ஊட்டுக்குள்ள ஆருங்க? ஒரு புள்ளை அண்ணே, அண்ணேன்னு கூப்புட்டுட்டே இருக்குது."

"கேம் சத்தம்க்கா."

வாயில் சட்டென்று வந்த பொய். நான்தான் சத்தத்தை அணைத்திருந்தேனே...

பூட்டைத் திறந்தேன்.

திரையில் ரோசியின் பொம்மை அசையாமல் நின்றது. என் பொம்மை அதைச் சுற்றிச் சுற்றிக் குதித்தது. ஆனால் ஸ்கிரிப்ட் எப்போதோ எர்ரர் காட்டி நின்றுபோயிருந்தது.

டக்...

கட்டிலைப் பார்த்தேன்.

டக்... டக்...

அதில் கிடந்த கன்ட்ரோலரின் பொத்தான் தானாக அமுங்கியது. எழுந்தது. ஸ்கிரிப்டால் அப்படிப் பொத்தானை அமுக்க முடியாது. அதற்கு விரல் வேண்டும்.

மெத்தையில் ஆள் உட்கார்ந்த பள்ளம்.

"ரோசி...?"

நின்றது.

போன் அடித்தது. அம்மா.

"ஐயா... ரோசி போயிட்டாய்யா."

அடக்கம் முடிந்த பிறகுதான் அம்மா மிச்சத்தைச் சொன்னாள். அன்று ஆட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ரோசி பயந்துவிட்டாளாம்.

"எம்மா, இது அண்ணன் இல்ல. அண்ணன் பாதி தடவை பள்ளத்துல விழுவான். இது விழவே மாட்டேங்கு. அவனுக்கு என்னமோ ஆயிட்டு. நான் போய்ப் பாத்துட்டு வாரேன்."

ஆறு மாதமாக எழுந்திராதவள் எழுந்து நின்றாளாம். இரண்டடி வைத்தாளாம். அப்படியே சாய்ந்துவிட்டாள்.

அந்த நேரம் நான் பிரியாணிக் கடையில் எலும்பு கடித்துக்கொண்டிருந்தேன்.