மறுமுனையைப் பிடித்தவர்

எங்கள் ஆபீஸில் அக்காவுக்கு மின்னல் என்று பட்டப்பெயர். டேட்டா என்ட்ரியில் அவள் விரல் ஓடுகிற வேகம் அப்படி. பக்கத்து நாற்காலிக்காரியான எனக்குத் தெரியும், விரல் மட்டும்தான் மின்னல், கழுத்து உலக்கை. யாராவது கூப்பிட்டால் தலை திரும்பாது. நாற்காலியோடு சேர்ந்து அவளே திரும்புவாள். மேனேஜர் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

வெறும் கழுத்து, தோள் வலி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளியிருப்பாள். வீட்டில் கணவர் இருக்கிறாரே. பஸ் ஓட்டியவர், பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. காலையில் அவரைத் தூக்கி உட்கார வைப்பவள் இவள். ஒருநாள் தூக்கும்போதே தோள் பிடித்துக்கொள்ள, இருவரும் கட்டிலில் சரிந்தார்கள். கேள்விப்பட்டு வந்த கொழுந்தன், "அண்ணி, உங்களால முடியலன்னா சொல்லுங்க, ஒரு காப்பகம் பார்த்து வச்சிருக்கேன்" என்றார், அண்ணன் காதில் விழும்படியே. கேட்ட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

பிசியோதெரபி பார்க்கும் பெண் ஒரு பச்சை ரப்பர் பட்டை கொடுத்தாள். நடுப்பகுதியை எதிலாவது மாட்டி, இரு முனைகளையும் பிடித்து முழங்கைகளைப் பின்னால் இழுக்க வேண்டும். முதுகில் தோள் எலும்புகள் நெருங்கி வர வேண்டும். பிறகு மெதுவாக விட வேண்டும். எங்கள் கூட்டத்துக்கு மெதுவாக எதுதான் வரும்? அக்கா டைப் அடிக்கிற வேகத்தில் இழுத்தாள். பட்டை தெறித்துக் கன்னத்தில் ஓங்கி அறைந்தது.

"நான் பிடிச்சுக்கறேன், நீ நிதானமா இழு" என்றார் கணவர். இடது கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டார். அவள் நிஜமாக இழுத்ததும் அப்படியே முன்னால் கவிழ்ந்தார். பதறிப்போய்த் தாங்கிப் பிடித்தவள், மறுநாளிலிருந்து பேருக்குத்தான் இழுத்தாள். அவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தன் உடம்பில் பலம் வந்துவிட்டது என்றே நம்பினார். மாதக்கணக்கில் விட்டத்தைப் பார்த்துக் கிடந்த மனிதர், "இன்னும் இழு, பிரேக்ல காலை வைக்காதே" என்று அதட்ட ஆரம்பித்தார். அந்த அதட்டலுக்காகவே அவள் தினமும் பட்டையை எடுத்தாள்.

தோள் எங்கே சரியாகும்? அடுத்த முறை வீட்டுக்கு வந்த பிசியோ பெண் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"நீங்க இழுக்கவே இல்லக்கா. இப்படியே போனா இவரைத் தூக்கறதை மறந்துடுங்க."

அவள் போன பிறகு அவர் கேட்டார். "இத்தனை நாளா ஏமாத்திட்டு இருந்தியா?"

"நீங்க பிடிச்சா எனக்கு நல்லா இருக்குங்க."

"ஜன்னல் கம்பியில மாட்டு. கம்பி கவுந்துடுமேன்னு நீ பயப்பட வேண்டாம்."

மாட்டினாள். இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வர வலித்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இளகியது. இப்போது அவரைத் தூக்கிவிடுகிறாள். கொழுந்தன் காப்பகப் பேச்சையே எடுப்பதில்லை.

"அப்புறம் என்னக்கா, சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"தோள் பரவாயில்லடி" என்றாள். "ஆனா அவர் இப்ப அதட்டறதே இல்ல. நான் பட்டையை எடுத்தா கண்ணை மூடிக்கறார்."